பெயர் மாறிய பின் தேடுவது எப்படி?

பெங்களூரில் அல்சூரை ஒட்டியிருக்கும் மர்பி டவுனில் உங்கள் தாத்தா இளமையில் குடியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துத் தெரு எப்படி இருந்தது என்று பார்க்க, பழைய படங்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஓர் இணையதளத்தில் ‘மர்பி டவுன்’ என்று தட்டுகிறீர்கள். சில படங்கள் வருகின்றன. எல்லாம் அண்மைக் காலத்தவை. “அப்போ அதுக்கு நாக்ஸ்பேட்டைன்னு பேரு” என்கிறார் வீட்டுப் பெரியவர். அதையும் தட்டிப் பார்க்கிறீர்கள். ‘முடிவுகள் இல்லை’ என்கிறது தளம்.

போன மாதம்தான் உங்கள் அத்தை மகன் இதே தளத்தில் இதே சொல்லைத் தட்டி, படம் படமாகப் பார்த்தார். படங்களை யாரும் அழிக்கவில்லை. தளமும் பழுதாகவில்லை. பிறகு படங்கள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. அவற்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டை யாரோ மாற்றிவிட்டார்கள். மாற்றியதை உங்களிடம் சொல்லவில்லை. இந்த அத்தியாயம் அந்தச் சீட்டைப் பற்றியது. அதை மாற்றும்போது யாருக்கு, எதை, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியது.

கணினிக்கு ஊர் தெரியாது

இணையதளத்தில் ஒரு படத்தையோ கட்டுரையையோ ஏற்றும்போது, அது எதைப் பற்றியது என்று காட்ட ஒன்றிரண்டு சொற்களை அதனுடன் சேர்த்துவைப்பார்கள். இதற்கு டேக் என்று பெயர். தமிழில் குறிச்சொல் என்கிறோம்.

தளத்தின் உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் எதிரே, அது ஒட்டப்பட்ட படங்களின் எண்கள் இருக்கும். ‘அல்சூர்’ என்பதற்கு எதிரே 12, 45, 301 என்றும், ‘ஹலசூரு’ என்பதற்கு எதிரே 77, 90 என்றும் இருப்பதாகக் கொள்ளுங்கள். நீங்கள் ‘அல்சூர்’ என்று தேடினால், கணினி படங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பட்டியலில் அதே எழுத்துகள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்து, எதிரே இருக்கும் மூன்று எண்களை எடுத்துத் தருகிறது. 77-ஆம் படமும் 90-ஆம் படமும் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

அல்சூர் என்று நாம் சொல்வதும், மெட்ரோ நிலையப் பலகையில் ஹலசூரு என்று எழுதியிருப்பதும் ஒரே ஊர்தான் என்பது அங்கே குடியிருக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பட்டியலுக்குத் தெரியாது. இன்றைய பெரிய தேடுபொறிகள் ஓரளவு ஊகித்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் குறிச்சொல்லை நம்பி இயங்கும் தளங்களில் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

ஒரு குறிச்சொல்லை மாற்றும்போது மூன்று இடங்களில் அறுபடுகிறது. தேடல் பெட்டியில் பழைய சொல்லைத் தட்டுபவருக்கு ஒன்றும் வராது. அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேமித்துவைத்திருந்தவருக்கு ‘404’ என்ற எண்ணுடன் வெற்றுப் பக்கம் வரும். ‘இந்தத் தலைப்பில் புதிதாக ஏதாவது வந்தால் மின்னஞ்சல் அனுப்பு’ என்று பதிந்துவைத்திருந்தவருக்கு எதுவுமே வராது. முதல் இருவருக்கும் ஏதோ தவறு நடந்திருப்பதாவது தெரியும். மூன்றாமவர், புதிதாக எதுவும் வரவில்லை போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிடுவார். இந்த மூன்றில் அதிகம் கெடுதல் செய்வது இதுதான்.

நூலகர்கள் முன்பே பட்ட பாடு

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நூலகங்கள் இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டன. ஒரு பொருளைப் பற்றிய நூல்களைத் தேடிவருபவர் எந்தப் பெயரைச் சொல்வார் என்பது நூலகருக்குத் தெரியாது. அதனால் அட்டைப் பட்டியலில் வழக்கொழிந்த பெயருக்கும் ஓர் அட்டை வைத்தார்கள். அதில் நூல் விவரம் எதுவும் இருக்காது. ‘இன்ன தலைப்பைக் காண்க’ என்று மட்டும் இருக்கும். வந்தவர் அந்த அட்டையைப் படித்துவிட்டு அடுத்த இழுப்பறைக்குப் போவார்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது விதியின் சாரம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஐந்தாவதன் சாரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், நம் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. வளர்கிற எதுவும் தன் தலைப்புகளை மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் பழைய வாசகரின் நேரம் வீணாகும்.

அவர் உருவாக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையே இதற்குச் சான்று. அதன் ஆறாம் பதிப்பு 1960-இல் வந்தது. அவர் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து, 1987-இல் வந்த ஏழாம் பதிப்பில் மாற்றங்கள் மிக அதிகம். அடுக்கியிருந்த நூல்களுக்கெல்லாம் எண்களைத் திருத்த யாரால் முடியும்? இந்திய நூலகங்கள் பல ஆறாம் பதிப்போடு நின்றுகொண்டன. புதியது சிறந்ததா இல்லையா என்பதை விட, பழையதிலிருந்து புதியதற்குப் போகும் வழி எளிதா என்பதே அங்கே முடிவு செய்தது.

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2010-இல் சமையல் நூல்களுக்கான தலைப்பை ‘குக்கரி’ என்பதிலிருந்து ‘குக்கிங்’ என்று மாற்றியது. சிறிய மாற்றம்தான். ஆனால் அந்த நூலகத்தின் தலைப்புகளைப் பின்பற்றும் நூலகங்கள் உலகெங்கும் உள்ளன. பழைய சொல்லை அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை, புதிய தலைப்பை நோக்கிக் கைகாட்டும் குறிப்பாக வைத்துக்கொண்டார்கள்.

ரங்கநாதன் தம் கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962-இல் அங்கே ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-இல் அங்கேயே காலமானார். நம் எடுத்துக்காட்டுக்கும் அதே ஊரை எடுத்துக்கொண்டதில் பொருத்தம் உண்டு.

பெயர் மாறலாம், எண் மாறக் கூடாது

சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. பெங்களூர் சிட்டி ரயில் நிலையம் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா பெயருக்கு மாறியது. பெயர்ப்பலகை, அறிவிப்பு, பயணச்சீட்டு எல்லாம் மாறின. ஆனால் ரயில்வே கணினிக்குள் சென்னை நிலையம் எம்ஏஎஸ் என்ற மூன்றெழுத்தாகவும், பெங்களூர் நிலையம் எஸ்பிசி என்ற மூன்றெழுத்தாகவும் நீடித்தன. அதனால் முன்பதிவு எதுவும் குழம்பவில்லை. விமான நிலையங்களிலும் இப்படித்தான். பம்பாய் மும்பையான பிறகும் அங்கே இறங்கும் பெட்டிகளில் ஒட்டுவது பிஓஎம் என்ற பழைய குறியீடுதான். மதராஸ் சென்னையான பிறகும் எம்ஏஏ மாறவில்லை.

இதன் கருத்து எளிது. மனிதர்கள் படிக்கும் பெயர் ஒன்று, இயந்திரம் பிடித்துக்கொள்ளும் அடையாளக் குறி வேறொன்று. குறி மாறாமல் இருந்தால் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒழுங்காகக் கட்டிய தளத்தில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் மாறாத எண் ஒன்று இருக்கும். படத்தின் மேல் உண்மையில் ஒட்டியிருப்பது அந்த எண்தான். திரையில் தெரியும் சொல் அதன் மேல் போர்த்திய சட்டை மட்டுமே.

ஓய்வுபெற்ற குறியை வேறொன்றுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உண்மைக் கதை உண்டு. நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு வழங்கும் பன்னாட்டுத் தரநிலையில் ‘சிஎஸ்’ என்பது செக்கோஸ்லோவாக்கியாவைக் குறித்தது. 1993-இல் அந்த நாடு இரண்டாகப் பிரிந்ததும் குறியீடு காலியானது. 2003-இல் அதை எடுத்து, செர்பியா-மாண்டிநீக்ரோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்போதிலிருந்து, பழைய கோப்பு ஒன்றில் ‘சிஎஸ்’ என்று கண்டால் எந்த நாடு என்று தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாயிற்று. 2006-இல் அந்த நாடும் பிரிந்துவிட்டது, குழப்பம் மட்டும் தங்கிவிட்டது. அதன் பிறகு, கைவிட்ட குறியீட்டைக் குறைந்தது 50 ஆண்டுகளுக்குத் தொடக் கூடாது என்று விதியைக் கடுமையாக்கினார்கள்.

நான்கு வகை மாற்றம், ஒரே நகரம்

குறிச்சொற்கள் மாறுவது நான்கே வகைதான். நான்கையும் பெங்களூர் தன் வரலாற்றில் செய்துகாட்டியிருக்கிறது.

முதலாவது பெயர்மாற்றம். 2014 நவம்பர் 1 அன்று பேங்களூர் என்ற ஆங்கிலப் பெயர் அதிகாரபூர்வமாகப் பெங்களூரு ஆனது. இடம் அதே, எல்லை அதே, பெயர் மட்டும் புதிது.

இரண்டாவது இணைப்பு. 1949-இல் இரண்டு நகராட்சிகள் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. 2007-இல் சுற்றியிருந்த 7 நகரசபைகள், ஒரு புரசபை, 110 கிராமங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு பிபிஎம்பி என்ற பெரிய மாநகராட்சி உருவானது.

மூன்றாவது பிரிப்பு. அதே பிபிஎம்பி 2025 செப்டம்பரில் மையம், வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுக்கு மேலே பெருநகர் பெங்களூரு ஆணையம் வந்தது.

நான்காவது ஓய்வு. 1881 முதல் பிரிட்டிஷார் தங்கள் நேரடி ஆட்சியில் வைத்திருந்த கண்டோன்மெண்ட் பகுதிக்கு ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்று பெயர். 1947-இல் அது மைசூர் அரசிடம் திரும்பி வந்தது. இன்று அப்படி ஓர் ஆட்சிப் பகுதி கிடையாது. ஆனால் மர்பி டவுனைப் பற்றிய அந்தக் காலத்து ஆவணங்கள் அந்தப் பெயரின் கீழ்தான் இருக்கும்.

எந்த வகை மாற்றம் என்று தெரியாமல் அறிவிப்பு எழுதக் கூடாது. பெயர்மாற்றத்துக்குச் சொல்வது பிரிப்புக்குப் பொருந்தாது. இதை ஒரே எடுத்துக்காட்டில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

மர்பி டவுனைச் சீர்செய்தல்

நம் கற்பனைப் படத்தளத்தில் மர்பி டவுன் தொடர்பாக நான்கு குறிச்சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். ‘மர்பி டவுன்’ 50 படங்களில். ‘மர்ஃபி டவுண்’ 8 படங்களில். ‘நாக்ஸ்பேட்டை’ 20 படங்களில். ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ 60 படங்களில். தளத்தாருக்கு இதை ஒழுங்குபடுத்த ஆசை.

முதல் படி, எண் கொடுப்பது. மர்பி டவுன் என்ற இடத்துக்கு 417 என்ற எண்ணைக் கொடுக்கிறார்கள். இனி இந்த எண் வேறு எதற்கும் போகாது.

இரண்டாம் படி, எழுத்து வேறுபாடு. ‘மர்ஃபி டவுண்’ என்பது வேறு இடமல்ல, எழுதியவரின் பழக்கம். அதை 417-உடன் சேர்த்துவிடலாம். அந்தச் சொல்லைத் தட்டுபவரைச் சத்தமில்லாமல் சரியான பக்கத்துக்கு அனுப்பினால் போதும். இப்படிப் பழைய சொல்லிலிருந்து புதியதற்குத் தானாக அழைத்துச்செல்வதை வழிமாற்று என்பார்கள். இதற்கெல்லாம் அறிவிப்பு போட்டால் மக்கள் அறிவிப்பையே படிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் படி, நாக்ஸ்பேட்டை. இது மர்பி டவுனின் முந்தைய பெயர். பிரிட்டிஷ் காலத்துப் பொறியாளர் மர்பியின் பெயர் பின்னால் வந்தது. இங்கேயும் வழிமாற்று வேண்டும், ஆனால் சத்தமில்லாமல் அல்ல. நாக்ஸ்பேட்டை என்று தட்டியவர் திடீரென மர்பி டவுன் பக்கத்தில் போய் நின்றால், தளம் தன்னைத் தவறான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். பக்கத்தின் தலையில் ஒரு வரி வேண்டும்: ‘நாக்ஸ்பேட்டை என்று தேடினீர்கள். அந்தப் படங்கள் இப்போது மர்பி டவுன் என்ற தலைப்பில் உள்ளன.’

இங்கே எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். மர்பி டவுனில் 50, எழுத்து மாறியவை 8, நாக்ஸ்பேட்டையில் 20. கூட்டினால் 78. ஆனால் 5 படங்களில் மர்பி டவுன், நாக்ஸ்பேட்டை இரண்டுமே ஒட்டியிருந்தால், அவற்றை இருமுறை எண்ணக் கூடாது. புதிய பக்கத்தில் 73 படங்கள்தான் இருக்கும். 78 வரும் என்று கணக்குப் போட்டவர், ஐந்தைத் தொலைத்துவிட்டார்கள் என்பார். முன்பு 20 பார்த்தவருக்கு 73 வந்தால், தேவையில்லாதது கலந்துவிட்டது என்பார். ஆகவே அறிவிப்பின் அடியில் ‘நாக்ஸ்பேட்டை என்று குறிக்கப்பட்ட 20 படங்களை மட்டும் காட்டு’ என்று ஒரு பொத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் எடுத்த காலத்துப் பெயரைக் குறிப்பாக விட்டுவைத்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். பழைய பெயர் தலைப்பிலிருந்து இறங்கலாம், படத்திலிருந்து மறையக் கூடாது.

நான்காம் படிதான் கடினம். ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற 60 படங்களையும் மர்பி டவுனுக்கு அனுப்பிவிட முடியாது. அந்தப் பகுதியில் அல்சூரும் இருந்தது, சிவாஜிநகரும் இருந்தது, பிரேசர் டவுனும் இருந்தது. இங்கே தானாக வழிமாற்றினால் தளம் பொய் சொல்கிறது என்று பொருள். சரியான வழி, அந்தப் பெயருக்கென்றே ஒரு விளக்கப் பக்கம். ‘இந்தத் தலைப்பில் இனிப் புதிய படங்கள் சேர்க்கப்படமாட்டா. 1881 முதல் 1947 வரை இருந்த ஆட்சிப் பகுதி இது. கீழே உள்ள பகுதிகளில் உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்’ என்று அதில் எழுதி, இன்றைய பகுதிகளை வரிசையாகக் காட்ட வேண்டும். எந்தப் படம் எந்தப் பகுதி என்பதை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். எங்கே எடுத்தது என்று தெரியாத படங்கள் பழைய தலைப்பிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி, மின்னஞ்சலுக்குப் பதிந்தவர்கள். நாக்ஸ்பேட்டைக்குப் பதிந்தவரை மர்பி டவுனுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதைத் தெரிவித்தால் போதும். சிவில் ஸ்டேஷனுக்குப் பதிந்தவரிடம் கேட்க வேண்டும்: ‘எந்தப் பகுதியின் படங்கள் உங்களுக்கு வேண்டும்?’ அவர் பதில் சொல்லும்வரை எல்லாப் பகுதிகளின் படங்களையும் அனுப்புவது நல்லது. கூடுதலாக வந்தால் அவர் நிறுத்திக்கொள்வார். வராமல் போனால் அவருக்குத் தெரியவே தெரியாது.

அறிவிப்பை எங்கே வைப்பது?

பல தளங்கள் இந்த மாற்றங்களை ஒரு ‘புதிய செய்திகள்’ பக்கத்தில் எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடும். அந்தப் பக்கத்தை யார் போய்ப் படிப்பார்கள்? கடையை எதிர்ச்சாரிக்கு மாற்றுகிறவர், ‘கடை எதிரில் மாற்றப்பட்டுள்ளது’ என்ற பலகையைப் பழைய கடையின் கதவில்தான் மாட்டுவார். அறிவிப்பு பழைய பெயரைத் தட்டுகிறவர் வந்து நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இயந்திரங்களுக்கும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அதைத் தரும் கணினி ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது. 410 என்றால் நீக்கப்பட்டுவிட்டது, இனி வராது. 404 என்றால் அப்படி ஒன்று இல்லை என்று மட்டும் பொருள், காரணம் சொல்லாது. பெயர் மாற்றிய குறிச்சொல்லுக்கு 404 அனுப்புவது சோம்பேறித்தனம். 301 அனுப்பினால் தேடுபொறிகளும் தங்கள் பட்டியலைத் தாமாகவே திருத்திக்கொள்ளும்.

எவ்வளவு காலம் இந்த வழிமாற்றை வைத்திருப்பது? இதற்கு நல்ல விடை உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. உலகக் கணினிகள் உள்ளூர் நேரத்தைக் கணக்கிட ஒரு பொதுவான நேரவலயத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் இந்திய நேரத்தின் பெயர் முன்பு ‘ஆசியா/கல்கத்தா’. நகரின் பெயர் 2001-இல் கொல்கத்தா என்று மாறிய பின், தரவுத்தளத்திலும் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று ஆனது. பழைய பெயரை அழித்திருந்தால், அதை உள்ளே எழுதிவைத்திருந்த பழைய மென்பொருள்களில் இந்திய நேரம் தடுமாறியிருக்கும். அழிக்கவில்லை. பழைய பெயர்களுக்கென்றே ஒரு தனிக் கோப்பு வைத்து, புதியவற்றோடு இணைத்திருக்கிறார்கள். கல்கத்தா இன்றும் அதில் இருக்கிறது. ஒரு வரி அளவு இடம்தான் செலவு.

மாற்றியதையே மாற்றினால்

2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் முதலிய பெயர்களுக்கு வந்த புதிய எழுத்துகளைப் பார்த்துப் பலரும் குறை சொன்னார்கள். அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாள்களுக்குள் புதிய எழுத்துகளை ஏற்றிவிட்ட தளம் ஒன்று இருந்திருந்தால், அது பழையபடி மாற வேண்டும். ஆனால் இடைப்பட்ட நாள்களில் புதிய எழுத்தில் சேமித்தவர்களுக்கும் வழி விட வேண்டும்.

இதனால் கவனமான தளங்கள் ஒவ்வொரு பெயருக்கும் எப்போதிலிருந்து எப்போதுவரை வழங்கியது என்ற தேதியையும் சேர்த்துவைக்கின்றன. மாற்றத்துக்கு முன்பே தேதி குறித்து அறிவிக்கின்றன. மாற்றிய பின்பும் பழைய பெயரை எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்ணிக்கை குறையவே இல்லையென்றால், மக்கள் புதிய பெயரை ஏற்கவில்லை என்று பொருள். பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்று பெயர் வைத்து நெடுங்காலம் ஆன பின்பும் பெங்களூரில் இரண்டுமே புழங்குகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் எது சரியான பெயர் என்று தளம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. குறிச்சொல்லை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை ஒருமுறை பயன்படுத்திவிட்ட வாசகருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. ஒரே பொருள் என்றால் அழைத்துச்செல்லுங்கள். பல பொருள் என்றால் கேளுங்கள். எதுவானாலும் பழைய பெயரை அழிக்காதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால் அந்தத் தகவலே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழைய பெயர், புதிய பெயர், வேறு எழுத்துக்கூட்டல், அந்தக் காலத்து ஆட்சிப் பகுதியின் பெயர் என்று நான்கையும் தட்டிப் பாருங்கள். கிடைத்தால், எந்தப் பெயரில் கிடைத்தது என்று தளத்தாருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அடுத்து தேடி வருபவருக்கு அது உதவும்.